அக்குள் வரை ஏறும் வால்

மருத்துவம் முதலாண்டு படிக்கும் ஏஞ்சலின் விடுமுறைக்கு நெய்வேலி வந்ததிலிருந்து அவள் அப்பா சைமன்ராஜின் உடம்பு அவருடையதாக இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவரைப் பாயில் படுக்கவைத்து, ஸ்கெட்ச் பேனாவால் கையெல்லாம் கோடிழுத்தாள். நரம்புக்கு மஞ்சள், ரத்தக்குழாய்க்குச் சிவப்பு.

முழங்கையின் உள்பக்கம் விரலால் சுண்டினாள்.

"சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குதே."

"அந்த நரம்பு அங்க தோலுக்கு அடியிலயே போவுதுப்பா."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சவரியம்மாள் சிரித்தாள். மகள் அடுத்து அப்பாவின் மார்புக்குத் தாவினாள். மார்புத் தசை மேல்கை எலும்பில் போய் ஒட்டுகிறது, பெண்களுக்கு அதன்மேல்தான் மார்பகம் இருக்கிறது, அதன் நுனி வால்போல அக்குளுக்குள் ஏறுகிறது என்று ஒப்பித்தாள்.

சவரியம்மாளின் கத்தி நின்றது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலிருந்து அவளுடைய இடது அக்குளில் ஒரு கட்டி. சூட்டுக் கட்டி என்று மஞ்சள் பூசி மறைத்து வந்தாள். அக்குள்தானே, மார்பு இல்லையே என்பதுதான் அவள் தைரியம்.

"ஏஞ்சல், உள்ள வா."

அறைக்குள் அம்மா காட்டிய இடத்தை மகள் மெதுவாகத் தொட்டாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"எனக்கு இதப் பாத்துச் சொல்லத் தெரியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

வெளியே வந்தபோது சைமன்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியோடு நின்றிருந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

லேடி டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். சவரியம்மாள் ஜெபமாலையை உருட்டியபடியே காத்திருந்தாள்.

"வெறும் கொழுப்புக் கட்டிம்மா. ஒண்ணும் செய்யாது. ஆனா இந்த எடத்துல எது வந்தாலும் உடனே வந்து காட்டிடணும்."

மூச்சு விட்ட சைமன்ராஜ் கும்பிடக் கையைத் தூக்கினார். சட்டைக் கை மேலேற, அதிலிருந்த ஸ்கெட்ச் கோடுகளில் டாக்டரின் பார்வை நின்றது.

"யாரு வரஞ்சது? இந்த மஞ்சக் கோடு செவப்பத் தாண்டி உள்பக்கம் வந்திருக்கணுமே."

ஏஞ்சலின் தலை குனிந்தாள். சவரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம், தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் சவரியம்மாள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் குளிக்கும்போது கையத் தூக்கித் தடவிப் பாருங்க. மாரு அக்குள் வரைக்கும் போவுதாம்."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளியின் கை முந்தானைக்குள் போனது. பிறகு ஒவ்வொருவர் கையாக.