எங்கள் கடையில் வைஃபை கிடையாது

என் நாத்தனார் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. "உங்க கடையிலதான் அண்ணி போச்சு" என்று மட்டும் சொன்னாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். என் பியூட்டி பார்லருக்குச் சாயம் போட வந்தவள், தலையில் சாயம் ஊறும் நேரத்தில் போனை எடுத்தாள். கடைப் பெயரில் வைஃபை தெரிந்தது. தொட்டதும் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்டது. அண்ணி கடைதானே என்று போட்டுவிட்டாள். மறுநாள் அவள் பெயரில் ஆபீஸ் முழுக்கக் கண்ட கண்ட மெயில்கள். மேலதிகாரிக்குப் போனதை வாய்விட்டுச் சொல்லவே முடியாது. பாஸ்வேர்டை மாற்றி, ஆள் ஆளாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டவள், என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

"நீ ஏதாவது தப்பா வச்சிருப்ப" என்றார் என் கணவர், தங்கைக்குப் பரிந்துகொண்டு. அன்று அவர் சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் மறக்கவில்லை.

என் வைஃபை யாருடைய மெயிலையும் கேட்காது. சுவரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைப் போட்டால் போதும். இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

பிறகு ஒரு மத்தியானம், அலமாரியைத் துடைப்பதற்காக வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி, பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"கொஞ்ச நேரம் நெட் வராது டீச்சர்" என்றேன், நாற்காலியில் இருந்தவரிடம்.

"வருதே! உங்க கடைப் பேரு நல்லாத் தெரியுது. மெயில் பாஸ்வேர்டு கேக்குது, போடட்டா?"

"போடாதீங்க!" நான் கத்திய கத்தலில் டீச்சரின் போன் மடியில் விழுந்தது.

பெட்டி என் கையில், பெயர் அவர் போனில். யாரோ ஒருத்தன் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்து என் பெயரில் பிழைப்பு நடத்துகிறான்!

எங்கள் கடை இருக்கும் வணிக வளாகத்தின் மேலாளரிடம் ஓடினேன். "வெளியில சொல்லாதீங்கம்மா, கூட்டம் குறைஞ்சிடும். வைஃபை பேரை மாத்திக்குங்க" என்றார். மாற்றினேன். மறுநாளே அந்தப் பெயரும் இரண்டாகத் தெரிந்தது. மறுபடி மாற்றினேன், அவனும் மாற்றினான். என் கடைப் பெயரைத் தூக்கிக்கொண்டு நான் எதற்கு ஓட வேண்டும்?

பெயரை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். கண்ணாடிக்கு மேல் ஒரு பலகை மாட்டினேன். 'எங்கள் கடையில் வைஃபை கிடையாது. எங்கள் பெயரில் எது தெரிந்தாலும் திருட்டு. உங்கள் போன் டேட்டாவையே பயன்படுத்துங்கள்.' வாசலிலும் ஒன்று.

மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "எடுங்கம்மா அதை! வைஃபை இல்லன்னா யாரு வந்து உக்காருவா?"

"முடி வெட்டிக்கறவங்க உக்காருவாங்க."

"வளாகத்துக்கே கெட்ட பேரு."

"கெட்ட பேரு வாங்கித் தர்றவன் எங்கயோ சொகுசா உக்காந்திருக்கான். அவனை விட்டுட்டு என் பலகையைப் பிடுங்க வந்துட்டீங்களா? நாற்காலி போட்டு நீங்களே கழட்டுங்க. நீங்க படி இறங்குறதுக்குள்ள நான் மறுபடி மாட்டிடுவேன்."

சாயம் பூசிய தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அவர் நாற்காலியைத் தொடவில்லை.

பலகையைப் படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்பினேன். 'பெட்டி பரண்ல இருக்கு. வந்து பாரு.' சில பேர் வைஃபை இல்லை என்று முகம் சுளித்துப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

அடுத்த வாரம் நாத்தனாரே வந்தாள். காலியான அலமாரியைப் பார்த்தாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். போனைத் திறந்தாள்.

"இப்பவும் வருதே அண்ணி."

"வரட்டும். நம்மளது இல்லைன்னு ஊருக்கே தெரியும்."

அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்த ஒரு பெண், பலகையைப் பார்க்காமல், "வைஃபை இருக்கு போல" என்று போனைத் தடவினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க! அது திருட்டு. எங்க கடையில வைஃபையே கிடையாது."

எங்க கடை என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்லர் முழுக்கக் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் தெரிந்துவிடும். தெரியட்டும்.