கண்ணுக்குள் ஒரு முடிச்சு

சிஸ்டர் யூடீன் எழுந்து நின்றாள். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, என் மனைவி வெர்னீஸுக்காக உபவாசம் இருந்தவள். தொப்பியில் ஒரு சிறு தோட்டத்தையே சூடி வந்திருந்தாள். "டாக்டருங்க கைவிட்ட கண்ணை நம்ம வெர்னீஸுக்குக் கர்த்தர் திருப்பிக் கொடுத்துட்டாரு!" என்றாள். சபை அல்லேலூயா என்று அதிர்ந்தது. வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு உட்கார்ந்திருந்த வெர்னீஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர். இன்னும் கொடுக்கல. முடிச்சுப் போட்டு வச்சிருக்கு."

யாரோ பாதி அல்லேலூயாவை விழுங்கினார்கள்.

பார்படோஸின் தென்கரையில் சனிக்கிழமை கிரிக்கெட்டுக்கு நான்தான் அம்பயர். குருடன் என்று என்னை அழைக்காத பந்துவீச்சாளர் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் கிளாக்கோமா என்கிற கண்ணழுத்த நோய் என் வீட்டுக்கு வந்து, கட்டிலில் ஆளை மாற்றி என் மனைவியைப் பிடித்துக்கொண்டது. வெர்னீஸின் இடது கண் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. ஆயிஸ்டின்ஸ் மீன் சந்தையில் பறக்கும் மீனுக்கு முள் எடுப்பவள் அவள். அந்த வேலையை விரல்களே பார்த்துக்கொள்ளும் என்பதால் அவளுக்கே தெரியவில்லை. எதிரே வருகிறவர்களுக்கு அவள் காலை வணக்கம் சொல்லாமல் போவதாக ஊரில் புகார் கிளம்பியது. எங்கள் தீவில் கொலைகாரனுக்குக்கூட விசாரணை உண்டு. வணக்கம் சொல்லாமல் போகிறவளுக்குக் கிடையாது. அவளுக்குத் தலைக்கனம் என்று தீர்ப்பாகி வெகுநாள் கழித்துத்தான் கண்ணைப் பரிசோதித்தோம்.

மிஞ்சியது வலது கண். எல்லாச் சொட்டு மருந்தும் ஊற்றினோம். அழுத்தம் இறங்கவில்லை. கண்ணுக்குள் சேரும் நீர் வெளியேற ஒரு வழி வெட்டி அறுவை செய்தார்கள். அந்த வழி தழும்பாகி மூடிக்கொண்டது. "உங்க உடம்பு ரொம்ப நல்லா ஆறுற உடம்பு, அதான் பிரச்சனை" என்றார் டாக்டர் அலீன். புண் ஆறுவதை ஒரு குற்றமாக அன்றுதான் முதல்முறை கேட்டேன். கடைசியில் குழாய் வைத்தார்கள். மயிரிழையை விடச் சற்றுத் தடித்த ஒரு குழாய், அதன் மறுமுனையில் விரல்நகம் போல ஒரு தட்டு. அது மேல் இமைக்கு உள்ளே, வெள்ளைவிழியின் தோலுக்கு அடியில் இருக்கும். குழாயை உடனே திறந்துவிட்டால் நீரெல்லாம் வடிந்து கண் சப்பையாகிவிடுமாம். தட்டைச் சுற்றிச் சதை வளரும்வரை குழாயை நூலால் கட்டி வைத்திருந்தார்கள். நூல் ஒருநாள் தானே கரையும்; அப்போது நீர் குழாய் வழியே வந்து தட்டின் மேல் குமிழாகத் தேங்கும். அதுவரை பழைய அழுத்தம், பழைய சொட்டு மருந்து.

"போன பார்வை வராது, மிஸஸ் ட்ராட்மன். இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இது" என்றார் டாக்டர்.

"இருக்கிறது போதும். அதுல ஒரு துளி விடமாட்டேன்" என்றாள் வெர்னீஸ்.

சொன்னபடியே செய்தாள். குனியவில்லை, வாளி தூக்கவில்லை, மூடியைப் போடாமல் தூங்கவில்லை. சமையல் என் கைக்கு வந்தது. என் மக்காச்சோளக் களியின் கட்டிகளை அவள் ஒரு சொல் இல்லாமல் விழுங்கியதில்தான் அவளுடைய உறுதி எனக்குப் புரிந்தது. சொட்டு மருந்தும் நான்தான். முதல் வாரம் மூக்கில் விட்டேன், கன்னத்தில் விட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் படுத்தபடியே இரண்டு கைகளையும் அகல விரித்து, "வைடு!" என்று தீர்ப்புச் சொல்வாள்.

அந்த ஞாயிறும் பிரசங்கத்தின் நடுவில் மருந்து நேரம் வந்தது. பெஞ்சிலேயே தலையைச் சாய்த்து, "ஊத்துய்யா" என்றாள். சபை மொத்தமும் பார்க்க ஊற்றினேன். நேராக விழுந்தது.

மாலையில் யூடீன் வேலியோரம் வந்தாள். "நன்றி சொன்னதுக்கப்புறம் மருந்து ஊத்தலாமா? அது ஆண்டவரைச் சந்தேகப்படுறது இல்லையா?"

"நன்றி சொன்னது நீங்க. ஆண்டவருக்கு ஒண்ணும் அவசரமில்ல சிஸ்டர், உங்களுக்குத்தான்" என்றாள் வெர்னீஸ்.

அதன்பிறகு யூடீன் வேலிப்பக்கம் வரவில்லை. நாட்கள் போயின. ஒருநாள் காலை, வெர்னீஸ் கட்டில் விளிம்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கிளைட், ஆப்பிரிக்காத் தூசி வந்திருக்கா? எல்லாம் மங்கலா இருக்கு."

சஹாராவிலிருந்து கடல் தாண்டி வரும் தூசி சில நாட்கள் எங்கள் வானத்தை மூடும். ஜன்னலைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல வானம் நீலமாக இருந்தது.

"ஆமா, கொஞ்சம் வந்திருக்கு."

"பொய் சொல்லாதே. உன் குரல் நடுங்குது. சட்டையப் போடு, பஸ்ஸுக்குப் போகலாம்."

வாசலில் யூடீன். விஷயத்தைக் கேட்டதும் அழத் தொடங்கினாள். "அன்னிக்கு நீ சபையில மறுத்துப் பேசாம இருந்திருந்தா..."

"அழறதுன்னா பஸ்ல வந்து அழுங்க. என் இடதுபக்கத்தப் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றாள் வெர்னீஸ். யூடீன் வீட்டுச் செருப்போடேயே வந்தாள். வழியெல்லாம் நான் ஒரு நகைச்சுவை தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கு அது அபூர்வம்.

டாக்டர் அழுத்தத்தை அளந்தார். மறுபடி அளந்தார்.

"நூல் கரைஞ்சிடுச்சு. குழாய் திறந்திருக்கு. அழுத்தம் நல்லா இறங்கியிருக்கு, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாவே."

"மங்கல்?"

"அழுத்தம் சட்டுனு இறங்கினதால வந்தது. விலகணும். பெரும்பாலும் விலகும். சத்தியம் பண்ண மாட்டேன். நாளைக்கும் வாங்க, பார்த்துக்கிட்டே இருப்போம்."

வெர்னீஸ் தலையசைத்தாள். "சத்தியம் கேக்கல. திறந்தது நிஜமா, அத மட்டும் சொல்லுங்க."

"நிஜம்."

"அப்ப இவருக்குக் காட்டுங்க. என்னால பாக்க முடியாது, இவரு பாத்துச் சொல்லட்டும்."

டாக்டர் அவளைக் கீழே, மூக்கின் பக்கம் பார்க்கச் சொல்லி, மேல் இமையை விரலால் உயர்த்தி விளக்கைத் திருப்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் தோளுக்கு மேலே யூடீனின் மூச்சு.

"என்ன தெரியுது?" என்றாள் வெர்னீஸ்.

"மீனோட வயித்துல காத்துப்பை இருக்குமே, அது மாதிரி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கிழிஞ்சதா, முழுசா?"

வெள்ளைவிழியின் தோலுக்கு அடியில், கண்ணாடிபோல மெல்லிய ஒரு சிறு மேடு. உள்ளே நீர். மேலே நூல்நூலாகச் சிவந்த நரம்புகள்.

"முழுசு" என்றேன். "உப்பியிருக்கு."

"இன்னும் நல்லாப் பாரு" என்றாள், கண்ணை அசைக்காமல். விளக்கு வெளிச்சத்தில் அந்த மேடு ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.