பகலிலேயே போய்ச் சேரும் வழி

சிக்கந்தர் பாட்சா வகுத்த பயணத் திட்டத்தில் ஒரு நாழிகைகூட இருளில் கழியவில்லை. கோட்டக்குப்பத்து வீட்டிலிருந்து காலை ஆறரைக்குக் காரில் புறப்பாடு, பத்துக்குள் மீனம்பாக்கம், நண்பகலுக்கு விமானம், மூன்று மணிக்குக் குவாஹாட்டி, பொழுது சாயுமுன் விடுதி. மறுநாள் காலை ஆறு மணிக்கு மீண்டும் சாலை. உச்சிவேளைக்குள் காசிரங்கா தேசியப் பூங்காவின் வாயில். சவூதியின் தம்மாமில் முப்பத்தோராண்டு ஒரு கம்பெனியின் லாரிகளுக்கு நேரம் குறித்து வழியனுப்பியவர் அவர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவைப்பது அவருடைய கைப்பழக்கம். இம்முறை அந்தக் கூடுதல் நேரத்தையும் ஞாயிறு வானில் நிற்கும் வேளைக்குள்ளேயே அடக்கியிருந்தார்.

அதன் காரணத்தை அறிந்தவர்கள் இருவரே: அவரும், விழுப்புரத்துக் கண் மருத்துவரும்.

வைகாசியில் மனைவி பல்கீஸ் பீவியை அங்கே அழைத்துச் சென்றிருந்தார். அந்தி சாய்ந்தால் அவளுக்குச் சுவரும் வாசலும் ஒன்றாகிவிடும். பகலிலும் நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். இருபுறமும் திரை விழுந்ததுபோல் இருக்கும். மருந்து விட்ட கண்களை மூடியபடி அவள் வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்க, மருத்துவர் அவரை மட்டும் உள்ளே அழைத்தார். விழித்திரை ஓரங்களிலிருந்து கருகி வருகிறது என்றார். இந்த ஆண்டு முடிவதற்குள் முகங்கள் தெரியாமல் போகும். சொட்டு மருந்து உறுத்தலைத் தணிக்குமேயன்றிப் பார்வையைக் காக்காது. இதை அவளிடம் தாம் சொல்வதா, அவர் சொல்கிறாரா என்றும் கேட்டார். தாமே சொல்லிக்கொள்வதாகச் சிக்கந்தர் பாட்சா கூறினார்.

சொல்லவில்லை. கடல் கடந்து பிழைப்போரின் வீடுகளில் கெட்ட செய்திக்கு ஒரு முறைமை உண்டு. தொலைவில் இருப்பவரிடம் அதைச் சொல்வதில்லை; விடுமுறையில் வந்திருப்பவரின் நாட்களையும் அதனால் கெடுப்பதில்லை. அவரைப் பெற்றவள் இறந்ததை, நாற்பதாம் நாள் ஓதி முடித்த பின்பே அவருக்குச் சொன்னார்கள். முப்பத்தோராண்டுகளாக அவருக்கு வந்த தொலைபேசிகளில் எல்லாரும் நலமாகவே இருந்தார்கள். இப்போதும் அவருக்கு ஒரு காரணம் வாய்த்திருந்தது. ஒரே மகள் ஸாலிஹா கைக்குழந்தையோடு ஷார்ஜாவிலிருந்து பக்ரீத்துக்கு வர இருந்தாள். இரண்டு மாதம் தங்குவாள். அவள் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று எண்ணினார்.

ஆகவே, விழுப்புரத்திலிருந்து திரும்பும் பேருந்து கண்டமங்கலத்தைக் கடக்கையில் மனைவியிடம் வேறொன்று கேட்டார். உலகத்தில் எதையாவது ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவர் இல்லாத ஆண்டுகளில், சமையல் முடிந்த மதியங்களில், தொலைக்காட்சியில் விலங்குகளைப் பார்த்துப் பழகியவள். மூடுபனிக்குள் யானைப்புல் நடுவே குட்டியோடு நிற்கும் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தைப் பார்க்கவேண்டும் என்றாள்.

"எதுக்குத் தெரியுமா? அதுவும் கண்ணு மங்கல்தானாம். மூக்கை வெச்சே குடும்பம் நடத்துதாம்."

அந்தச் சொல்லை அவர் ஆணையாக ஏற்றுக்கொண்டார்.

ஊரில் யாரிடமாவது பயணச்சீட்டு எடுத்தால், ஏன் இந்த வயதில் இப்படியொரு பயணம் என்ற கேள்வி வீட்டுக்குள் வரும். அதனால் திண்டிவனத்துக்குப் போனார். பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சீனுவாசன், அவருடைய வளைகுடாப் பயணங்களுக்கு இருபதாண்டுகளாகச் சீட்டு எடுத்துக் கொடுத்தவன். ஜோர்ஹாட் வரை விமானத்தில் போனால் சாலைத் தொலைவு பாதிக்கும் குறைவு என்று அவன் கணினியில் காட்டினான். கொல்கத்தாவில் விமானம் மாறவேண்டும், இறங்கும்போது மணி ஐந்து. சிக்கந்தர் பாட்சா தலையசைத்து மறுத்தார். வீட்டம்மாவுக்கு இருட்டிய பின் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றார். விடுதியின் சன்னல் எந்தத் திசை நோக்கியது, ஜீப்பில் காட்டுக்குள் அழைத்துப்போவது காலையிலா மாலையிலா என்று அடுத்தடுத்துக் கேட்டார்.

"ஹனிமூன் போறவன்கூட இவ்ளோ கேக்கல, பாய். உங்க கம்பெனி லாரியெல்லாம் எப்படி லேட்டாவும்? டிரைவர் மூச்சு வுடறதுக்கே டைம் போட்டிருப்பீங்க" என்றான் சீனுவாசன்.

மாதத்தை அவரே தேர்ந்தார். காரணங்கள் இரண்டு. ஆடியில் பகல் நீளம். அசாமில் காலை ஐந்துக்கே விடிந்து, மாலை ஆறு வரை வெளிச்சம் இருக்கும். கார்த்திகையில் அங்கே நாலரைக்கே கதிர் மறைந்துவிடுகிறது. தேதி தேதியாக உதயமும் அத்தமனமும் கைப்பேசியில் பார்த்து எழுதி வைத்திருந்தார். இரண்டாவது காரணத்தைப் பார்த்து அறியவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. ஆடியில் மழை இல்லை. நெய்தல் நிலத்தில் பிறந்து வளர்ந்தவர். மழை என்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடலிலிருந்து புயலோடு ஏறிவருவது. ஆடி, மணலை வாரியிறைக்கும் காற்றின் மாதம். இதைக் குழந்தையும் அறியும்.

ஸாலிஹா வந்தாள், இரண்டு மாதம் வீடு நிறைந்திருந்தது, ஆடி பிறந்த மூன்றாம் நாள் புறப்பட்டுப் போனாள். வழக்கம்போல் பல்கீஸ் பீவி விமான நிலையம் வரை சென்று, கண்ணாடிக்கு இப்பால் நின்று கையசைத்தாள். கணவரையும் பின்பு மகளையும் வழியனுப்ப எத்தனையோ முறை அங்கே நின்றிருக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் ஒருமுறையும் சென்றதில்லை. அடுத்த முறை உள்ளே போகப்போவதாக வீடு திரும்பும் வழியெல்லாம் ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஜீப்பை உறுதி செய்வதற்காகச் சிக்கந்தர் பாட்சா மீண்டும் திண்டிவனம் சென்றார். பூங்கா வாயிலருகே இருந்த விடுதியின் எண்ணைச் சுழற்றிய சீனுவாசன், இந்தி அவருக்குத்தான் தண்ணீர் பட்ட பாடு என்று கைப்பேசியை அவரிடமே நீட்டினான்.

மறுமுனையில் பேசியவர் பொறுமையான மனிதர். பூங்கா மூடியிருக்கிறது என்றார். மழைக்காலம் முழுதும் மூடித்தான் இருக்கும், திறக்க அக்டோபராகும். பிரம்மபுத்திரை கரை கடந்து வந்து புல்வெளியெல்லாம் நீருக்குள் கிடக்கிறது. விலங்குகள் சாலையைக் கடந்து எதிர்மலைக்கு ஏறிவிட்டன. அறைகள் வேண்டுமானால் உண்டு. இந்த மாதத்தில் வரச்சொல்லி யார் சொன்னது என்று கடைசியாகக் கேட்டார். குரலில் ஏளனம் இல்லை.

நன்றி சொல்லிக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். தம்மாமில் ஒன்பதாண்டு அடுத்த கட்டிலில் படுத்திருந்த, அசாமை ஒட்டிய சில்ஹெட்டுக்காரர் ஒருவர் அவர் நினைவுக்கு வந்தார். கோடை உச்சத்தில், வாரந்தோறும் ஊருக்கு அழைத்து, நீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று கேட்பார். அந்தப் பேச்சுக்கு நடுவேதான் இவர் ஒவ்வோராண்டும் உறங்கிப்போனார். அங்கே எந்த மாதத்தில் மழை என்பதை ஒன்பதாண்டும் ஒருவர் அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இதுக்குப் போயி ஏன் பேஜாரு, பாய்? ஐப்பசிக்கு மேல தள்ளி வெச்சிக்கலாம். காண்டாமிருகம் எங்க ஓடிடப் போவுது?" என்றான் சீனுவாசன்.

சிக்கந்தர் பாட்சா மாடிப்படியில் இறங்கினார். புதுச்சேரிப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து வந்தார். வானம் வெறுமையாய் இருந்தது. ஒரு முகிலும் இல்லை. ஆண்டு முடிய எஞ்சிய ஐந்து மாதத்தில் மூன்று கழியப்போகிறது என்பது ஒன்றே மனத்தில் ஓடியது.

வீட்டில் பல்கீஸ் பீவி புதுக் கைப்பெட்டியைத் திறந்து வைத்து, துணிகளை விரலால் தடவி மடித்துக்கொண்டிருந்தாள். பூங்கா மூடியிருப்பதைச் சொன்னார். அவள் முகம் ஒரு கணம் வாடிற்று, பிறகு தெளிந்தது. அக்டோபரில் திறக்கிறார்களே, மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் போகலாம் என்றாள். ஒருவிதத்தில் நல்லதாயிற்று, இந்த வெயிலுக்கு வற்றல் போட்டு ஸாலிஹாவுக்கு அனுப்பலாம் என்று, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

பொய் இப்போது அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறவாமல் இருந்தாலே போதும். அதுவே தன்னைக் காத்துக்கொள்ளும். அவரால் அப்படி இருக்க முடியவில்லை.

"கார்த்திகையில உனக்குத் தெரியாது, பல்கீஸ்."

"இன்னா தெரியாது?"

"எதுவுமே."

விழுப்புரத்தில் கேட்டதையெல்லாம் சொன்னார். கருகும் விழித்திரையைச் சொன்னார். சொட்டு மருந்தின் உண்மையைச் சொன்னார். பகல் நீளும் மாதத்தைத் தேடியதையும் சொன்னார். அவள் கையிலிருந்த சேலையைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். அஸர் தொழுகைக்கு அழைப்பு எழுந்து அடங்கியது. அதன்பின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத அந்த டாக்டரம்மா எப்ப சொன்னாங்க?"

"வைகாசியில."

"பஸ்ல கேட்டீங்களே, அன்னிக்கா?"

அவர் தலையை அசைத்தார். பக்கவாட்டில் இருப்பவரின் அசைவு அவளுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, ஆமாம் என்றார்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேங்க. இவ்ளோதான் பார்வைன்னு தெரிஞ்சிருந்தா, காண்டாமிருகத்தையா கேட்டிருப்பேன்?"

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. அவளே சொன்னாள், குரல் உயரவில்லை.

"ஸாலிஹா ரெண்டு மாசம் இந்த வூட்ல இருந்தா. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கினேதான் அவகிட்ட பேசிக்கினு இருந்தேன். மல்லாட்டை வறுத்தேன், கேப்பை மாவு சலிச்சேன், பொட்டி கட்டினேன். அடுத்த லீவுக்கு வருவா, அப்ப ஒக்காந்து பாத்துக்கலாம்னு இருந்தேன். அவ மூஞ்ச நான் எப்பங்க பாத்தேன்?"

அடுத்த விடுமுறைக்கு இரண்டாண்டு இருந்தது. மாப்பிள்ளையிடம் பேசி அவளை உடனே வரவழைப்பதாகச் சொல்லி அவர் எழுந்தார். பல்கீஸ் பீவி கையை நீட்டி, காற்றில் ஒருமுறை தவறவிட்டு, மறுமுறை அவருடைய மணிக்கட்டைப் பற்றி அமர்த்தினாள். போய்ச் சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, எதற்கென்று கேட்பாள், சொன்னால் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே தனியே அழுவாள், சொல்லவேண்டாம் என்றாள். யாரிடமும் சொல்லவேண்டாம்.

"நீ கூடவா மறைக்கப் போற?" என்றார் அவர்.

ஷார்ஜாவில் இப்போது என்ன மணி என்று அவள் கேட்டாள். இரண்டரை என்றார். குழந்தையை உறங்கவைக்கும் நேரம், இருந்தாலும் கூப்பிடுங்கள் என்றாள்.

கைப்பேசித் திரையில் ஸாலிஹா தோன்றினாள். தோளில் குழந்தை, பின்னால் மங்கலான கூடம். தாயின் பார்வையில் எஞ்சியிருந்த சிறு வட்டத்துக்குள் அந்தத் திரை முழுதாய் அடங்கியது. பல்கீஸ் பீவி அதை முகத்துக்கு மிக நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்து அமர்ந்திருந்த கணவர் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தார்.

"இன்னாம்மா இந்நேரத்துல? பயணத்துக்குப் பொட்டி கட்டியாச்சா?"

"அதெல்லாம் இருக்கட்டும். கொஞ்சம் சன்னல் பக்கம் திரும்பு. வெளிச்சத்துல நில்லு."

ஸாலிஹா திரும்பினாள். வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது. நெற்றியில் சிறுவயதில் விழுந்த தழும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே புதிதாய் ஒரு கருமை தெரிந்தது. தாய் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி பாத்துக்கினு இருக்க?"

"பேசாத. அப்படியே இரு."

குழந்தை விழித்து, ஒளிரும் திரையை நோக்கித் தாவியது. அதன் கை குறுக்கே வந்து எல்லாவற்றையும் மறைத்தது. பல்கீஸ் பீவி இமைக்காமல் காத்திருந்தாள்.