சிமெண்ட் அடைத்த மரம்

எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். வயசான மரங்களுக்கு வைத்தியம் பாக்குற தொழில். வீட்டுத் தோட்டத்துல நிக்குற மரம் சாஞ்சாலோ, கிளை முறிஞ்சாலோ எங்களைக் கூப்பிடுவாங்க. நான் மேல ஏறுவேன், என் தம்பி கீழ கயிறு பிடிப்பான். தலையில ஒத்தை முடி கிடையாது அவனுக்கு. ஆனா போற வீட்டுல எல்லாம் "அக்கா, அக்கா"ன்னு கத்தி எனக்கு வயசை ஏத்தி விட்டுட்டு வருவான்.

அன்னைக்குப் போன வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். அந்தம்மாவுக்கு நிறைமாசம். மாடியில குழந்தைக்குன்னு ஒரு ரூம், மஞ்சள் பெயிண்ட் வாசனை இன்னும் போகல. ஜன்னலோரமா தொட்டில். ஜன்னலுக்கு வெளிய கை நீட்டினா தொடுற தூரத்துல ஒரு கிளை. கிளையா அது? தனியா நட்டா அதுவே ஒரு மரம். போன வாரம் அடிச்ச காத்துல அதுக்குப் பக்கத்துக் கிளை முறிஞ்சு விழுந்து கார் ஷெட் அப்பளமா நொறுங்கிக் கிடந்தது.

"வெட்டிருங்க"ன்னார் புருஷன். தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் செவந்து கிடந்தது.

"இந்த வீட்டை வாங்கினதே இந்த மரத்தைப் பாத்துதான். வெட்டுறதுன்னா நல்லாப் பாத்துட்டு வெட்டுங்க"ன்னாங்க அந்தம்மா.

மரச்சுத்தியலால அடிமரத்தைச் சுத்தித் தட்டிக்கிட்டே வந்தேன். உள்ள கெட்டியா இருந்தா சத்தமும் கெட்டியா வரும். இது காலி டிரம் மாதிரி முழங்குச்சு. ஒரு இடத்துல மட்டும் சத்தமே செத்துப் போச்சு. பாசியைச் சுரண்டினா, சிமெண்ட்!

"எந்தப் புண்ணியவான்டா இந்த வேலையைப் பாத்தது?"ன்னு கத்திட்டேன். சொத்தைப் பல்லை அடைக்குற மாதிரி மரப்பொந்தை சிமெண்ட் வெச்சு அடைக்குறது எங்க தொழில்லயே ஒரு காலத்துல பெரிய வைத்தியம். மரம் காத்துல ஆடும், சிமெண்ட் ஆடாது. இடுக்குல தண்ணி தேங்கி உள்ள இன்னும் அழுகும். வைத்தியமாம் வைத்தியம்!

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்"னார் அவர். "உங்க பிள்ளையா இருந்தா அந்த ரூம்ல படுக்க வைப்பீங்களா?"

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. "மாட்டேன்"னேன்.

அந்தம்மா அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. அவர் விறுவிறுன்னு மாடிக்குப் போனார். தொட்டிலை அந்த ரூமை விட்டு இழுக்குற சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. இறங்கி வந்து வெட்டச் சொன்னப்ப ஜெயிச்ச மனுஷன் மாதிரியே இல்ல அவர் மூஞ்சி.

சிமெண்ட் இருக்குற மரத்துல மோட்டார் ரம்பம் வைக்க முடியாது, சங்கிலி தெறிச்சுரும். அதனால முதல்ல உளியை வெச்சு அதைப் பேத்தோம். பெரிய பாளம் ஒண்ணு பொத்துன்னு விழுந்துச்சு. குப்புன்னு அழுகல் நாத்தம் வரும்னு மூக்கைப் பொத்திக்கிட்டு டார்ச்சோட தலையை உள்ள விட்டேன்.

வந்தது மழை பேஞ்ச மண்ணு வாசம்.

"என்னக்கா, பாம்பா?"ன்னான் தம்பி. எனக்குப் பேச்சே வரல. என் வாயை யாராலயும் அடைக்க முடியாதுன்னு சொல்ற பய, பயந்துபோய் என் காலைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டான்.

உள்ள வேரு. மேல உயிரோட இருக்குற கட்டையிலேருந்து புறப்பட்டு, தன்னோட அழுகலுக்குள்ளயே இறங்கி, அதையே தின்னு, என் தொடை பருமனுக்குத் தூண் தூணா மண்ணுக்குள்ள போயிருக்கு. ஒண்ணு அந்த சிமெண்டையே சுத்தி வளைச்சு அணைச்சுக்கிட்டு இறங்கியிருந்துச்சு. எங்க தொழில்காரங்க அடைச்சதுக்குப் பின்னால, யாருக்கும் தெரியாம, இந்த மரம் தனக்குத்தானே கால் கட்டிக்கிட்டு நின்னிருக்கு. எத்தனையோ மரம் பாத்திருக்கேன். இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. உடம்பெல்லாம் புல்லரிச்சுது.

அவரைக் கையைப் பிடிச்சு இழுத்து மண்டி போட வெச்சேன். அவர் உள்ள பாத்தார். மெதுவா கையை விட்டு ஒரு வேரைத் தொட்டார். "யம்மாடி"ன்னார், அவ்வளவுதான்.

"சார், அதிசயம் வேற, பாரம் வேற. இது தாங்குமான்னு இழுத்துப் பாத்துருவோம்"னேன்.

உச்சிக்குக் கீழ கயிறு கட்டி, தோட்டத்துக் கோடியில கையால சுத்துற வின்ச்சுல மாட்டினோம். அடிமரத்துல மீட்டர். கயிறு இழுக்க இழுக்க மரம் எவ்வளவு சாயுதுன்னு அது காட்டும். "விழணும்னு நினைச்சது நீங்கதானே, நீங்களே சுத்துங்க"ன்னு கைப்பிடியை அவர் கையில குடுத்தேன்.

சுத்தினார். கயிறு விண்ணுன்னு நின்னுச்சு. "சாயுதா?"

"இல்ல."

சட்டை நனைஞ்சு போச்சு. தூங்காத ராத்திரியெல்லாம் அந்தக் கைப்பிடியில இறங்குச்சு. "இப்ப?"

"இல்ல சார்." மீட்டர் முள்ளு லேசா ஒரு துடி துடிச்சுது, அவ்வளவுதான். நான் போதும்னு சொன்ன பிறகும் அவர் கை கைப்பிடியை விடல. அந்தம்மா போய் விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டாங்க. மனுஷன் சிரிச்சார், கண்ணுலேருந்து தண்ணி கொட்டுச்சு.

அப்புறம் மேல ஏறி, ஜன்னல் பக்கத்துக் கிளையில காஞ்சதை எடுத்து, நுனிப் பாரத்தைக் குறைச்சேன். சாயங்காலம் கயித்துல தொங்கிக்கிட்டே ஜன்னலுக்கு நேரா இறங்குறேன், அவர் காலி ரூம்ல நின்னுக்கிட்டிருந்தார்.

"இப்பக் கேக்குறேன். உங்க பிள்ளையா இருந்தா?"

"படுக்க வைப்பேன். வருஷா வருஷம் வந்து இழுத்தும் பாப்பேன். கூப்பிடலைன்னா சண்டைக்கு வருவேன்."

அவர் பக்கத்து ரூமுக்குப் போய் தொட்டிலை இழுத்துக்கிட்டு வந்தார். சுவரோரமா வெச்சார். நின்னு யோசிச்சார். அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி, ஜன்னலுக்கு நேரா, மரம் தெரியுற மாதிரி வெச்சார்.

கீழ அந்தம்மா பொந்துகிட்ட ஒரு கையால வயித்தைத் தாங்கிக்கிட்டு உக்காந்து, உள்ள டார்ச் அடிச்சு, "இதைப் பாரு, அதைப் பாரு"ன்னு ஒவ்வொரு வேராக் காட்டிக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல யாரும் இல்ல.