இடது கை

நைனார்பாளையத்தில் சாவு வீடு. இறந்தது பதினாறு வயதுப் பெண். இத்தனை சின்ன வயதுச் சாவுக்குக் கச்சேரி வைக்க மாட்டார்கள். அவளுடைய அம்மா மலர்விழிதான் பிடிவாதமாக எங்களை வரவழைத்திருந்தார்.

நான் கீபோர்டு வாசிப்பவன். சோகத்துக்கென்றே சொல்லப்படும் ஃபிரிஜியன் ஸ்கேலை முந்தின வாரம்தான் யூடியூபில் கற்றிருந்தேன். ‘ஈ’ சுரத்தில் தொடங்கி அடுத்த ‘ஈ’ வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசி, சோகம் தானாக வரும் என்றான் அந்த மகாராசன். அப்படியே வாசித்தேன். சோகம் எங்கே வந்தது?

“இன்னாப்பா, வளைகாப்பா நடக்குது இங்க?” என்று சீறினார் டிரம் அடிக்கும் பொன்னுரங்கம்.

அப்போதுதான் என் இடது கையைப் பார்த்தேன். பத்து வருடமாக சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு எல்லாப் பாட்டையும் ‘சி’யிலேயே வாசித்துப் பழகிய கை. இப்போதும் அடியில் ‘சி’யைத்தான் அழுத்திக்கொண்டிருந்தது. அது ஒலிக்கும்வரை மேலே எங்கே தொடங்கினாலும் சந்தோஷமாகத்தான் கேட்கும்.

விரலை ‘ஈ’க்கு மாற்றினேன். வலது கையில் அதே கட்டைகள்தான். ஆனால் ‘ஈ’யை ஒட்டி அரைச்சுரம் தள்ளி நின்ற ‘எஃப்’ இப்போது ஒப்பாரியாக ஒலித்தது. பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

காலையிலிருந்து அழாத மலர்விழி எழுந்து என்னிடம் வந்தார்.

“மொதல்ல வாசிச்சதையே வாசிங்க. அந்த மாதிரி சந்தோஷப் பாட்டுக்குத்தாங்க எம்பொண்ணு ஆடுவா.”

விரலை மறுபடி ‘சி’க்கு நகர்த்தினேன்.