மிச்ச நரம்பு

முதல் ஷிஃப்ட் முடிந்து இருங்காட்டுக்கோட்டை அறைக்கு வந்து கதவைத் திறந்த பேச்சிராஜ், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான். நேற்றுச் சாயங்காலம் வில்லின் முதுகில் அவன் பார்த்துப் பார்த்து ஒட்டிய மாட்டு நரம்பு, பாய் விரித்த மாதிரி மெல்லிசாக இருந்தது. இப்போது அங்கே ஓர் ஓணான் ஏறிப் படுத்தது போல மேடு தட்டியிருந்தது. பக்கத்தில் கிண்ணம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழன் இசக்கிபாண்டியை உலுக்கினான்.

"ஏல, கிண்ணத்துல மிச்சம் கிடந்த நரம்பு எங்கல?"

"ஒட்டிட்டேம்லா." இசக்கி கண்ணைத் திறக்கவில்லை. "ட்ரேல மிச்சம் வச்சா சூப்பர்வைசர் விடுவானா? நம்ம ஷிஃப்டுல வந்தத நம்மதான் முடிக்கணும்."

"இது என்ன உன் கம்பெனி லைனால? அது நுனியில சுத்துறதுக்கு வச்சிருந்தது!"

"ஒரு காத்துக் குமிழி கிடையாது. தடவிப் பாரு, அப்புறம் பேசு."

பேச்சிராஜுக்கு அழுகை முட்டியது. வில் அவனுக்கில்லை, அக்கா பூமாரிக்கு. பென்னலூர் ஹாஸ்டலில் தங்கி செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் வில் பிடித்தவள். காணும் பொங்கலுக்கு பென்னலூர் பையன்கள் வில் போட்டி வைக்கிறார்கள். கையால் செய்த மரவில்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. "நான் செஞ்சு தாரேன்" என்று வாக்குக் கொடுத்தவன் இவன். ஏரிக்கரைச் சீமைக்கருவேலத்தில் செய்த முதல் வில்லும் அடுத்த வில்லும் அவள் கையிலேயே முறிந்தன. அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் செல்போனில் தேடித் தேடி நரம்பைக் கண்டுபிடித்தான். கறிக்கடையில் மாட்டுக்கால் நரம்பு வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நாராகப் பிரித்து, தோலைக் காய்ச்சிய வச்சிரப் பசையில் முக்கி, வில்லின் வெளிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். காய்ந்தால் நரம்பு இறுகி மரத்தை முறியவிடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ச்சியபோது எழுந்த வாடைக்கு வீட்டுக்காரர் நாகப்பன் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"இன்னாபா ஆக்கினுகீறீங்க? தெரு பூனை பூரா நம்ம வூட்டாண்ட குந்திகினு கீது!"

பசை இறுகிவிட்டதால் இப்போது பிய்த்தெடுக்கவும் வழியில்லை. மார்கழி முழுக்க வில் காய்ந்தது. போகிக்கு முந்தின ஞாயிறு, பூமாரி வந்தாள். நாண் ஏற்றப் பார்த்தால் வில் வளைவேனா என்றது. பேச்சிராஜ் முழங்காலை வைத்து அழுத்தினான். இசக்கி மேலே ஏறியே உட்கார்ந்தான்.

"இது வில்லா, லாரிக்குப் போடற ஸ்பிரிங் பட்டையா?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த நாகப்பன்.

பூமாரி வில்லைத் திருப்பிப் பார்த்தாள். "உள்பக்கம் மரத்தச் சுரண்டு தம்பி. ஒல்லியானா வளையும்."

"ஒல்லியாக்கித்தானக்கா போன ரெண்டும் போச்சு. மூஞ்சில தெறிச்சா?"

"அழகு கெட்டுப்போயிரும்னு பயப்படுதியோ? சுரண்டுல."

கண்ணாடித் துண்டால் சுரண்டினான். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. கொஞ்சம் சுரண்டுவான், வளைத்துப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், மறுபடி சுரண்டுவான். இசக்கி டீ வாங்கி வருவதற்குள் வில் முனகிக்கொண்டே வளைந்து நாணை ஏற்றுக்கொண்டது.

பூமாரி எழுந்து நின்று இழுத்தாள். கன்னம் வரை இழுத்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம்.

"விட்ராதக்கா! மெள்ள, மெள்ள எறக்கு!" பேச்சிராஜின் குரல் கீச்சிட்டது.

இறக்கியபின் விரலால் தடவிப் பார்த்தான். நடுவில் ஒரு கணு இருந்த இடத்தில் மரம் நூலளவு வாய் பிளந்திருந்தது. முந்தின வில் இரண்டும் இப்படித்தான் முறிய ஆரம்பித்தன. ஆனால் பிளவு நரம்பு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டிருந்தது. அந்த இடத்தில்தான் இசக்கியின் மேடு தடித்துக் கிடந்தது. தான் ஒட்டிய மெல்லிசுப் பாய் மட்டும் இருந்திருந்தால்?

பேச்சிராஜ் இசக்கியைப் பார்த்தான். இசக்கி டீ கிளாஸோடு கம்பீரமாக நின்றான்.

"சொல்லுல. வாயத் திறந்து சொல்லு."

"ஒரு குமிழி கிடையாதுல" என்றான் பேச்சிராஜ். பூமாரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

பிளவின் மேல் பசை தடவி நூலை இறுக்கிச் சுற்றினார்கள். காய்ந்ததும் அவள் மறுபடி இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். சத்தமே இல்லை.

காணும் பொங்கலன்று ஏரிக்கரைத் திடலில் நல்ல கூட்டம். பூமாரியின் முதல் அம்பு வைக்கோல் இலக்கைத் தாண்டி, அதற்குப் பின்னாலிருந்த கரும்புக் கட்டுகளையும் தாண்டி எங்கோ போனது. "யம்மாடி!" என்றது கூட்டம். அடுத்ததைத் தாழ்த்தி விட்டாள். வைக்கோல் குலுங்க, மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் அம்பு குத்தி நின்று ஆடியது.

"எங்க அக்கா! எங்க அக்கா!" என்று கத்தியது பேச்சிராஜ் இல்லை, இசக்கிபாண்டி. பேச்சிராஜ் கத்த நினைத்தான், சிரிப்பு முந்திக்கொண்டது. பூமாரி அவன் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினாள். அடுத்த அம்பை எடுத்துக்கொண்டு அவன் ஓடினான்.