மேடேறிய சாக்கடை

சாக்கடை மேட்டில் ஏறி ஓட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று தபால் தாமதமாக வந்தது என்பதைத் தவிர ஊரில் வேறு விசேஷம் இல்லை. அதுவரை மேட்டுச் சாயப்பட்டறையின் கழிவு பள்ளத்தெருவுக்கு இறங்கி, ஓவியக்காரியின் வாசலில் நுரைத்துக்கொண்டு நிற்கும். இப்போது அதே நுரை, செத்த எலியும் முடிக்கற்றையுமாக, நிதானமாக மேலே போய் பட்டறை முதலாளி வீட்டுக் கூடத்துக்குள் புகுந்தது.

எல்லாம் ஓவியக்காரியின் கைப்பிசகு. மரப்பலகையில் எதையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மேடு இடப்பக்கமும் பள்ளம் வலப்பக்கமுமாகத் தெருவை அச்சிட உட்கார்ந்தவள் வீடுகளுக்கான பலகையை மாற்றித்தான் செதுக்கினாள். சாக்கடைக்குத் தனி வண்ணம், தனிப் பலகை. அதைச் செதுக்கும்போது பக்கத்தில் படுத்திருந்த மகளின் கால்புண்ணில் ஈ மொய்த்தது. சாக்கடையை மிதித்து மிதித்து வந்த புண், ஆறவே ஆறாது. ஈயை விரட்டுவதும் உளியைத் தள்ளுவதுமாக இருந்ததில் மாற்ற மறந்துவிட்டாள். தாளை உரித்தபோது சாக்கடையின் வாய் முதலாளி வீட்டில் திறந்திருந்தது. விடிந்ததும் ஊரிலும் அப்படியே.

பள்ளத்தெரு காய்ந்தது. மகளின் புண் உலர்ந்து பொருக்குத் தட்டியது. வருஷக்கணக்காக மனுக் கொடுத்தும் எட்டிப்பார்க்காத சுகாதார அதிகாரி, முதலாளியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். இரண்டு பேர் மூக்கிலும் கைக்குட்டை. ஓவியக்காரிக்கு அவர்கள்மேல் அருவருப்பு வந்தது. தன்மேலும்தான். இதே முதலாளியின் சுவருக்கு எண்ணெய் வண்ணத்தில் எத்தனை ஏரிகள் வரைந்து கொடுத்திருக்கிறாள், நுரையை மறைத்து நீலத்தை அள்ளி அப்பி! சீ, அதுவும் ஒரு பிழைப்பா?

பழையபடி மாற்றச் சொன்னார் முதலாளி. சீவியெறிந்த மரத்தை ஒட்டவைக்க முடியாது என்றாள். அப்படியானால் எண்ணெய் வண்ணத்தில் வரை, சாக்கடை கீழே ஓடட்டும், இல்லாவிட்டால் என் வீட்டைக் காலி செய் என்றார். அவள் குடியிருந்ததும் அவர் வீடுதான்.

தையல்காரக் கணவன் அவளை உள்ளே இழுத்தான். “பெரிய இடத்துப் பகை நமக்கெதுக்கு? வரைஞ்சு குடுத்துத் தொலையேன்.”

“புள்ள காலப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தான். தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டான்.

வரைந்துதான் கொடுத்தாள். சாக்கடை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, துளியும் பிசகாமல், விரற்கடை கனத்துக்கு வண்ணம். காய்ந்தால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு, அதுவரை எதுவும் மாறாது என்று சொல்லியே கொடுத்தாள். தொழில் நியாயம் என்று முதலாளியும் ஒப்புக்கொண்டு, தன் கூடத்தில் மாட்டினார்.

வருஷங்கள் ஓடின. மகள் வேலைக்குப் போகிறாள், மேட்டுவீட்டு விருந்தாளிகள் கால்களை நாற்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள், சுகாதார அதிகாரி ஊர் வரைபடத்தில் அம்புக்குறியை மேல்நோக்கித் திருப்பிவிட்டார். முதலாளி தினமும் படத்தில் விரலை வைப்பார். விரலில் வண்ணம் ஈரமாக ஒட்டும், நாறும். ஒருநாள் பொறுக்காமல் இறங்கிவந்து, எப்போதுதான் காயும் என்று கேட்டார்.

“உங்க வீட்டுல ஈரம் போனா தானா காஞ்சிடுங்க.”

யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு மேடேறினார். சாக்கடையும் கூடவே ஏறியது.